நடப்பதற்குக் கார் ஓடுகிற ஊர்

சிகாகோவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து மச்சாள் இத்தாலியில் பலேர்மோவுக்கு எங்களிடம் வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவளுடைய ஊர்க் கடைத்தெருப் புராணம்தான்.

"செங்கல் பதிச்ச ரோட்டு, பூந்தொட்டி, இருக்கிறதுக்கு வாங்கு... நடந்து திரிய அவ்வளவு வடிவு."

"வீட்டிலயிருந்து நடந்தோ போறனீங்கள்?"

"இல்லை, காரிலை. அங்கை விட்டிட்டு நடப்பம்."

நடப்பதற்குக் கார் ஓடுகிற சனம்! பூந்தொட்டிக்குப் பெருமை வேறு. உண்மையான ஊரைக் காட்டுகிறேன் என்று ரயிலில் பக்கத்திலுள்ள பகேரியாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் பல வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன்.

கடைத்தெருவில் மச்சாள் கேட்டாள்: "வழமையா எங்கை இருந்து கோப்பி குடிக்கிறனீங்கள்?"

என் வழமை இதுதான்: ஸ்டேஷன், சிஞ்ஞோரா வீடு, மறுபடி ஸ்டேஷன். அந்தத் தெருவில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

கண்ணில் பட்ட கடையில் அமர்ந்தோம். அவ்வழியே வந்த சிஞ்ஞோரா என்னைக் கண்டு நின்றாள்.

"இன்றைக்கு உனக்கு வேலை இல்லையே," என்றாள் இத்தாலியனில். "பிறகேன் இங்கே வந்தாய்?"

அவள் போனதும், "என்னவாம்?" என்றாள் மச்சாள்.

"சுகமோ எண்டு கேட்டவ."

அந்தக் கார்க் கதையை நினைத்து நான் இப்போது சிரிப்பதில்லை. காரில் போனாலும் மச்சாள் தன்னுடைய ஊருக்குத்தான் போகிறாள்.