ஏழாவது லைனில் 0.23 ஆம்பியர்

இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. மீட்டர் காட்டாத எதையும் நம்பாதவள் நான். இது என் மீட்டரிலேயே காட்டியது.

என் பெயர் நிர்மலா. கம்பெனிகளில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை. போன மார்ச்சில் ஜூஜுவாடியில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனிக்குப் போனேன். லீவு நாளிலும் மீட்டர் ஓடுகிறது என்று புகார். அன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நானும் அந்தக் கம்பெனி எலக்ட்ரீஷியன் மாதேஷும் மட்டும்தான். நல்ல வெயில். ஹைவேயில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை.

மதியம் 2.10. பேனல் போர்டில் ஒவ்வொரு வயராக, கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். முதல் ஆறு லைனிலும் பூஜ்யம். ஏழாவதில் 0.23 ஆம்பியர். வோல்டேஜ் 230. இரண்டையும் பெருக்கினேன். ஏறக்குறைய 53 வாட்.

"எங்கயோ ஒரு ஃபேன் ஓடுது, மாதேஷ். இந்த லைன் எங்க போகுது?"

அவர் மீட்டரையே பார்த்தார்.

"வாஷிங் ஷெட்டுக்குங்க மேடம். பூட்டியே கிடக்குது. அங்க ஃபேனும் இல்ல, பல்பும் இல்ல."

பேனலுக்கு எதிரிலேயே அந்த ஷெட்டின் இரும்புக் கதவு. பூட்டு துருப்பிடித்திருந்தது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது.

"தண்ணி லைன கட் பண்ணி மாசக்கணக்காச்சுங்க..." என்றார் மாதேஷ்.

2.29. மறுபடி மீட்டர். 0.23... 0.21... 0.24... 0.23... பல்பு இப்படி ஆடாது. ஹீட்டரும் ஆடாது. மூச்சு மாதிரி ஏறி இறங்கியது.

அது என்ன பொருளாக இருக்கும்? மின்தடையைக் கணக்குப் போட்டேன். 230-ஐ 0.23-ஆல் வகுத்தேன்.

ஆயிரம் ஓம்.

பாதுகாப்பு வகுப்புகளில் இந்த எண்ணை நானே பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நனைந்த மனித உடம்பின் தடை... சுமார் ஆயிரம் ஓம்.

"உள்ள யாரோ வயரைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க!"

மாதேஷ் நகரவில்லை. "யாரும் இல்லீங்க மேடம். வாங்க, போயிரலாம்."

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

கிடுகிடு... கிடுகிடு...

பற்கள்.

பாய்ந்து பிரேக்கரைத் தட்டி அந்த லைனை அணைத்தேன். பழக்கத்தில் நேரம் பார்த்தேன். 2.31.

மீட்டரில் பூஜ்யம்.

உள்ளே...

தொப்!

பூட்டை உடைத்தோம்.

யாருமில்லை.

தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. தூசி கலையாமல் படிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை 9.15-க்கு மாதேஷ் போன் செய்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணுங்க மேடம். வாய் வரல. அந்த ஷெட்டுல கெம்பம்மான்னு ஒருத்தங்க பார்ட்ஸ் கழுவிட்டிருந்தாங்க. போன வருஷம் அவங்களுக்கு ஷாக் அடிச்சிருச்சு."

"அங்கயே செத்துட்டாங்களா?"

"இல்லீங்க. நெனவே இல்லாம கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. உசிரு மட்டும் இருந்துச்சு. இப்ப அவங்க வீட்டு வாசல்லருந்துதான் பேசறேன்..."

அவர் பக்கம் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் போயிட்டாங்க மேடம். நர்ஸ் எழுதிக் குடுத்த சீட்டப் பாத்தேன். ரெண்டு முப்பத்தொண்ணு."