பச்சை மையில் ஒரு அமெரிக்க வரிக்கணக்கு

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போன இரண்டாவது வருஷம், அக்கா கல்யாணத்துக்காக ஏப்ரல் தொடக்கத்தில் திருநெல்வேலி வந்திருந்தேன். பெட்டியில் வரிக்கணக்குப் படிவமும் கூடவே வந்தது. யுனிவர்சிட்டி லைப்ரரியில் புத்தகம் அடுக்கிச் சம்பாதித்ததற்கு ஏப்ரல் பாதிக்குள் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவனைத் திரும்ப உள்ளே விடமாட்டான் என்று சீனியர்கள் கிளப்பிவிட்டிருந்தார்கள். அது நிஜமா புருடாவா, தெரியாது. பயம் நிஜம்.

ஒருவழியாக நிரப்பி, சம்பளச் சீட்டையும் சேர்த்துக் குத்தி, கையெழுத்தை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று மேஜையில் வைத்துவிட்டு, சீவலப்பேரிக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். திரும்பும்போது சாயங்காலம். அப்பா வாசலிலேயே நின்றார். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏலே, ஒன் வேலைய முடிச்சிட்டேன்."

மேஜையில் இருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பாளையங்கோட்டை போய், தனக்குத் தெரிந்த அரசுப் பள்ளி ஹெட்மாஸ்டர் வீட்டில் காத்துக்கிடந்து, அட்டெஸ்டேஷன் வாங்கி வந்திருக்கிறார். ஹெட்மாஸ்டர் கஞ்சத்தனமே பார்க்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம், கெஜட்டட் ஆபீசருக்கே உரிய பச்சை மையில் கையெழுத்து, கீழே ரப்பர் ஸ்டாம்ப். ஒரு ஸ்டாம்ப் சரியாக என் வருமானத் தொகை மேலேயே உட்கார்ந்திருந்தது. சம்பளச் சீட்டில் 'ட்ரூ காப்பி' என்று வேறு குத்தியிருந்தார். என்னிடம் இருந்த ஒரே ஒரிஜினல் அது.

இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்றேன்.

"வெறும் கையெழுத்த எவன்லே நம்புவான்? கேஸ் கனெக்‌ஷனுக்கே அட்டெஸ்டேஷன் கேக்குதான். இது அமெரிக்கா கவர்மெண்டுல்லா."

வண்ணார்பேட்டை டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். நமக்கு விளக்கு வைக்கிற நேரம்தான் அங்கே ஆபீஸ் திறக்கிற நேரம். யுனிவர்சிட்டியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிற பெண் எடுத்தாள். படிவம் முழுக்க வேறொருவர் கையெழுத்து விழுந்துவிட்டதைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டவர் உன் வக்கீலா என்றாள். ஒரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர் என்றேன். நீ படித்த ஸ்கூலா? இல்லை. அப்புறம் உன் வரியில் அவருக்கு என்ன வேலை? ஊரில் இறங்கின நாள் முதல் இங்கிலீஷில் அலட்டிக்கொண்டிருந்தவன் நான். பச்சை மை என்றால் என்னவென்று மட்டும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. புதுப் படிவம் தபாலில் அனுப்பினால் கெடுவுக்குள் வந்து சேராது, இருப்பதை ஏற்பார்களா என்பதும் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பூத் அண்ணாச்சி மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சீல் இல்லாம அனுப்புனாத்தான வே தப்பு?" என்றார்.

ஊரே அப்பா கட்சி.

மறுநாள் போஸ்ட் ஆபீசில் பச்சைக்குக் கீழே நீல மையில் கையெழுத்துப் போட்டேன். என்னுடையதுதான் போலி மாதிரி இருந்தது. அப்பா கவரைப் பிடுங்கித் தானே ஒட்டி, ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தார்.

"இனி ஒன்ன ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது."

கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கும் அவர் சட்டை முதுகோடு ஒட்டித்தான் இருந்தது.

"ஆமாப்பா," என்றேன்.