சீமாட்டியின் கன்னத்துப் பொட்டு

கடல் கடந்து, கரும்பு விளையும் ஒரு தீவில், கியூர்பிப் என்ற ஊரில் தமிழ் வாத்தியாராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் பெண் குழந்தை போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பத்து மாதக் குழந்தை; ஊரில் மூன்றே நாள் காய்ச்சல். அதன்பிறகு என் மனைவி அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருதரம் சொல்லி அழுதுவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு. இங்கே பேசவும் ஆளில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் விடிந்ததும் ஆடைத் தொழிற்சாலை வேனில் ஏறிவிடுவார்கள். அவர்கள் பேசுவதும் கிரியோல், பிரெஞ்சு கலந்த தீவுப் பாஷை.

அதனால் ஞாயிறானால் எங்கேயாவது கூட்டிப்போவேன். அப்படித்தான், சுற்றுலாக்காரர்களுக்காகத் திறந்துவிட்டிருந்த ஒரு பழைய கரும்புத்தோட்ட முதலாளி வீட்டுக்குப் போனோம். என்னோடு வேலை பார்த்த இரண்டு வாத்தியார்களும் வந்தார்கள். கூடத்தில் ஒரு பிரெஞ்சுச் சீமாட்டியின் ஓவியம், இருநூறு வருடத்துப் படம். நீலப் பட்டு, கழுத்தில் முத்து, வெள்ளை முடி, கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. முந்தின வாரமே தனியாக வந்து வழிகாட்டியிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். சும்மா இருப்பேனா? முடி நரையல்ல, பூசிய பவுடர் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

என் மனைவி படத்துக்குக் கிட்டே போய் வெகுநேரம் நின்றாள்.

“திருஷ்டிப் பொட்டு வச்சிருக்காங்க பாருங்க. இவங்கள யாரோ கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்திருக்காங்க. நம்ம பாப்பாவுக்கு அன்னிக்கு நான்...”

முடிக்க விட்டேனா, மடையன். அது பட்டுத் துணியை வெட்டி ஒட்டிக்கொள்வது, அந்தக் காலத்து ஒப்பனை, வெள்ளைக்காரிக்கு ஏது திருஷ்டி என்று சொல்லிச் சிரித்தேன். வாத்தியார்களும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் குளிருகிறது என்றாள், அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து, அதே தீவில் காத்ர் போர்ன் என்ற ஊருக்குக் குடிவந்த பிறகு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தில் அவள் மை வைப்பதைப் பார்த்ததும் அந்தப் படம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன்.

“பாப்பாவக் கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போனப்ப பொட்டு வைக்க மறந்துட்டேங்க. மறுநாள்தானே காய்ச்சல் வந்துச்சு. உங்ககிட்டச் சொல்லிடலாம்னு வந்தேன். எல்லாரும் சிரிச்சீங்க, விட்டுட்டேன்.”

அந்தக் கல்யாண வாரம், நான் அப்போது வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காய்ச்சலில் கிடந்தது. அங்கிருந்து வந்த கையோடு, கைகால்கூடக் கழுவாமல் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவன் நான். சீமாட்டியின் பொட்டுக்கு அத்தனை விளக்கம் சொன்னவன், இதை மட்டும் அப்போதும் அவளிடம் சொல்லவில்லை.