அறுப்பு மிகுதி, ஆமென் அதைவிட மிகுதி

இன்று காலை எங்கள் ஊர்க் கோயிலில் சிறப்புப் பிரசங்கம். பேசியவர் சிட்னியில் குடியேறி, லீவுக்கு வந்திருக்கும் எங்கள் ஊர் அண்ணன். பைபிள் வசனம் எல்லோருக்கும் மனப்பாடமானதுதான்: "அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்."

"இதோட ஆழமான அர்த்தம் நிறைய பேருக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தவர், ஒன்றேகால் மணி நேரம் ஆழத்திலேயே இருந்தார். மேலே வரவேயில்லை.

முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் வயல் வைத்திருக்கும் மேரி அக்கா அவரை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"மூணு மா, ஒரு ஏக்கரு நெல்லு மழையில சாஞ்சு கெடக்கு தம்பி. மெஷின் எறங்குனா சேத்துல பொதைஞ்சிடும். கையாலதான் அறுக்கணும், ஆளு கெடைக்கல. வர்றீங்களா? அருவா நான் தர்றேன்."

"அக்கா, அது ஆவிக்குரிய அறுப்பு" என்றார் அண்ணன்.

"நெல்லுக்கு அது தெரியலயே தம்பி. மொளைச்சுக்கிட்டு இருக்கு."

ஆனாலும் அண்ணன் வயல் வரை வந்தார். வரப்பில் நின்று, சாய்ந்த நெல்லோடு செல்ஃபி எடுத்து, அதே வசனத்தைப் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றினார். மதியச் சாப்பாட்டுக்குள் எண்பது ஆமென்.

முதல் ஆமென் தோஹாவிலிருந்து. மேரி அக்காவின் மகன்.

நீங்களும் கீழே ஆமென் போடலாம். ஊரில் இருக்கிறவர்கள் மட்டும் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள், அருவாள் இன்னும் அக்கா கையில்தான் இருக்கிறது.