சுந்தராம்பாளின் இரண்டு மார்க்கு

முதல் தடவை இருபத்தொன்பது. அடுத்த தடவை முப்பத்தொன்று. போன தடவை முப்பத்து மூன்று. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தேற முப்பத்தைந்து வேண்டும்.

"ரெண்டே ரெண்டு மார்க்கு மதினி. அது என்ன எனக்குன்னு வந்து சேர மாட்டேங்குது?" என்று அரிசி களைந்துகொண்டே கேட்டாள் சுந்தராம்பாள்.

கூடச் சமைக்கிற கருத்தம்மாள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். "நாப்பத்திரண்டு வயசுல ஒனக்கு என்னத்துக்குடி இங்கிலீசு? அண்டாவோட பேசப் போறியா?"

சுந்தராம்பாள் களைந்த தண்ணீரை வடித்தாள். பதில் இருந்தது, சொல்லத்தான் முடியாது. திருச்சுழிக்குப் பக்கத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக அண்டா தூக்குகிறவள் அவள். பங்குனி மாதம் அருப்புக்கோட்டையில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கர்ப்பப்பை கீழ எறங்கிருச்சும்மா. ஆபரேசன் பண்ணி மூணு மாசம் படுக்கணும். அதுவரைக்கும் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது." தூக்க மாட்டாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? லாரி வேலைக்குப் போய் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருகிற புருஷன் நல்லகண்ணுவிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. அமைப்பாளர் சரஸ்வதி ஆகஸ்டு மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நோட்டு எழுதுவது, கையெழுத்துப் போடுவது, முட்டை எண்ணுவது. பத்தாவது தேறியிருந்தால் அந்த இடத்துக்குச் சுந்தராம்பாள் விண்ணப்பம் எழுதிப் போடலாம். இல்லையென்றால் வேறு ஊரிலிருந்து ஆள் வந்துவிடும், அண்டா இவளுக்கே நிலைத்துவிடும். பதினைந்து வயதிலேயே மற்றப் பாடமெல்லாம் தேறியவள்தான். ஆங்கிலம் மட்டும் கழுத்தில் தொங்கிக்கொண்டே வந்தது.

கட்டுரை, கடிதமெல்லாம் பெரிய காடு, ஒத்தை மாட்டை வைத்து உழ முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு துண்டு நிலத்தைப் பார்த்துப் பிடித்தாள். சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டுப் போடுகிற கேள்வி.

"அதுல மிஞ்சிப் போனா ரெண்டு மார்க்குதாம்மா வரும்" என்றார் ஆங்கில வாத்தியார் ராஜகுரு.

"எனக்கு வேண்டியதும் ரெண்டுதான சார்."

அவர் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். சரக்கறைக் கதவின் உள்பக்கம் அதைச் சோற்றுப் பசையால் ஒட்டினாள். பருப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் படித்தாள். படிக்கப் படிக்க அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. 'டஸ்ட்' என்றால் புழுதி, வாலில் ஒரு 'ஒய்' போட்டால் புழுதி படிந்த. 'டேஞ்சர்' ஆபத்து, 'அஸ்' சேர்த்தால் ஆபத்தான. சும்மா கிடந்த பொருள் வால் முளைத்ததும் இன்னொன்று எப்படிப்பட்டது என்று சொல்லக் கிளம்பிவிடுகிறது. 'ஃபுல்' போட்டால் அது நிறைய இருக்கிறது, 'லெஸ்' போட்டால் கொஞ்சமும் இல்லை. தலையில் ஒட்டுகிறவை வேறு சாதி. 'ஹேப்பி' முன்னால் 'அன்' வந்தால் சந்தோஷம் போச்சு. 'பாசிபிள்' என்றால் 'இம்', 'ரெகுலர்' என்றால் 'இர்'. ஆளுக்குத் தகுந்த முறை சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, சொல்லுக்குத் தகுந்த தலை. எதிர்ச்சொல் கேள்விக்கும் இது கைகொடுக்கும் என்று கண்டபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மத்தியானம் தட்டோடு நிற்கிற வரிசையையும் அவள் விடவில்லை. ஒரு சொல்லுக்கு வால் சொன்னால்தான் முட்டை.

"ஹோப்?"

"ஹோப்ஃபுல், அத்தே!"

"கேர்?"

"கேர்லெஸ்!"

"சால்ட்?"

"சாம்பார் சால்ட்லெஸ், அத்தே!" என்றது ஒரு குரல். வரிசையே சிரித்தது. சுந்தராம்பாள் கரண்டியை ஓங்கிவிட்டு, அந்தத் தட்டுக்கு முட்டையும் போட்டாள்.

ஜூலையில் தேர்வு. அருப்புக்கோட்டையில் பத்து மணிக்கு உட்கார வேண்டும், ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லீவு சொல்லியாயிற்று. ஆனால் அன்றைக்குக் குழாய்த் தண்ணீர் முறை. மூன்று நாளைக்கு ஒரு தரம் காலை ஆறு மணிக்கு வரும், ஏழுக்குள் நின்றுவிடும். பள்ளிக்கூடத்துப் போர்த் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு வேகாது. கருத்தம்மாள் ஒன்பது மணி பஸ்ஸுக்கு அடுத்த ஊரிலிருந்து வருகிறவள். யாரையாவது பிடிக்கச் சொன்னால், "ஏன், ஒனக்கு என்ன?" என்று கேட்பார்கள்.

பன்னிரண்டு குடம். ஒன்பதாவதில் அடிவயிறு கழன்று விழுகிற மாதிரி இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சம் மூன்றையும் கொண்டுவந்து ஊற்றினாள்.

தேர்வு அறையில் அவள் தேடியது முதலில் அதைத்தான். வந்திருந்தது. 'ரெஸ்பான்சிபிள்' முன்னால் ஒரு ஒட்டு, 'ஃபேம்' பின்னால் ஒரு ஒட்டு. இர். அஸ். பேனா தயங்கவே இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் இடுப்புக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்தாள், முழங்காலைக் குறுக்கிப் பார்த்தாள். கடிதத்தில் முகவரியும் தேதியும் எழுதினாள். அதற்குக் கீழே வரி ஓடவில்லை. தாளை வாங்கிய அம்மா, "ஒடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.

ஆகஸ்டு இரண்டாவது வாரம் ராஜகுரு சார் தன் செல்போனில் பார்த்துச் சொன்னார். முப்பத்து நான்கு.

"அடுத்த மார்ச்சுல எழுதிரலாம்மா" என்றார். மார்ச்சுக்குள் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள் என்று அவருக்கும் தெரியும். அந்த இரண்டு மார்க்கை அவள் வாங்கித்தான் இருந்தாள். குறைந்த ஒன்றை எழுதாத கடிதம் கொண்டுபோய்விட்டது.

மறுநாள் சோறு வெந்திருந்தது. கருத்தம்மாள் துணியைச் சுருட்டி அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். "ம், பிடிடி."

சுந்தராம்பாளின் கை எழவில்லை.

"என்னடி, பெயிலானதுக்கு அண்டா மேல கோவமா?"

"என்னால தூக்க முடியாது மதினி. எறங்கியிருக்குன்னு சொல்லிட்டாக. அன்னைக்குத் தண்ணி தூக்கிட்டுப் போய்த்தான் எழுத முடியாமப் போச்சு."

கருத்தம்மாள் அண்டாவை விட்டாள். முகத்தில் கோபமா என்னவென்று தெரியவில்லை. "எத்தன மாசமா?"

"பங்குனியிலருந்து. சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாகன்னு..."

"பங்குனியா?" கருத்தம்மாள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "போடி பைத்தியக்காரி. எனக்கும் எறங்கித்தான் கெடக்கு, ஏழு வருசமா அடியில துணியச் சுருட்டி வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் இந்தக் காதப் பிடிக்கேன். நீ அந்தப் பக்கம் தெம்பாத் தூக்குறேங்கிற தைரியத்துலதான் தூக்குனேன்."

இருவரும் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே பிள்ளைகள் தட்டுகளைத் தட்டத் தொடங்கினார்கள். "இன்னும் எறக்கலையா? அங்க என்ன பேச்சு?" என்று சரஸ்வதி குரல் கொடுத்தார்.

கருத்தம்மாள் அடுப்பை அணைத்தாள். சின்னச் சருவச்சட்டி ஒன்றை எடுத்துச் சுந்தராம்பாள் கையில் கொடுத்தாள், இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். அண்டா அடுப்பிலேயே இருந்தது. கரண்டி கரண்டியாக அதிலிருந்து அள்ளினார்கள். அன்றைக்கு வரிசை நகர முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று.