ஜெராக்ஸில் காணாமல்போன கிளி

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளுக்குப் படம் செய்து கொடுப்பவன் நான். இப்போதெல்லாம் ஏஐயிடம் சொன்னால் அதுவே வரைந்துவிடுகிறது. படத்துக்குச் சம்மதம் சொல்ல ஒரு தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சரியென்றால் பச்சையில் எழுதுவார், இல்லையென்றால் சிவப்பில். பச்சைப் பேனாவில் மட்டும் நூல் சுற்றியிருக்கும்.

எதைக் காட்டினாலும், "ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் போடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கி மடித்துக்கொண்டு போவார். என் படங்களை வேறு அச்சகத்துக்குக் கடத்துகிறார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் காட்டிய படத்தில் சிவந்த மாதுளைகளுக்கு நடுவே ஒரு பச்சைக்கிளி. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "கிளியக் காணோமே" என்றார்.

வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று எரிச்சல் வந்தது. "இந்தா, நடுவுலதான உக்காந்திருக்கு!"

"ஜெராக்ஸ் போட்டுப் பாருங்க."

போட்டேன். கிளியும் மாதுளையும் ஒரே சாம்பலாகக் கிடந்தன.

"கிளியச் சுத்திக் கறுப்புக் கோடு போடச் சொல்லுங்க, பின்னால மஞ்சளக் குடுங்க. வாங்குதவிய எல்லாருக்கும் ஒரே கண்ணா இருக்கு?"

"உங்களுக்கு நிறம் தெரியாதா?"

நான் திருத்திக் கொடுத்த படத்தில் சம்மதம் எழுத அவர் பைக்குள் கைவிட்டார். விரல்கள் நூல் சுற்றிய பேனாவைத் தடவித் தேடின.

முதலாளிக்குத் தெரிந்தால் அந்த வேலை அவருக்கு இருக்காது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்கும் முன்பே ஜெராக்ஸை நீட்டிவிடுகிறேன். முன்பு நான் அவரைப் பார்த்த அதே சந்தேகத்தோடு, இப்போது அவர் என்னைப் பார்க்கிறார்.