துண்டுக்குள் வந்த கை

இது நிஜமாக நடந்தது. வெங்காய மண்டிக்காரர் பிள்ளை நான். விலையில் கூட்டிக் குறைத்துச் சொல்வேன், இதில் மாட்டேன். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

2023 நவம்பர். எனக்குப் பதினான்கு வயது. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் தெருக்கள் ஒரு கும்பலின் பிடியில் இருந்தன. எங்கள் ஸ்கூல் பைகளில்தான் அவர்களுடைய கஞ்சாப் பொட்டலங்கள் ஊரெல்லாம் போகும். பிள்ளைகளின் பையை யார் திறந்து பார்ப்பார்கள்? நானும் என் வகுப்புத் தோழன் நஸ்ருல்லாவும் இனி சுமக்க மாட்டோம் என்றோம். அவன் காதோரம் கத்தியால் ஒரு கோடு போட்டார்கள். அடுத்தது கழுத்து என்றார்கள்.

அப்பாவிடம் சொன்னேன்.

"கொஞ்ச நாள் அனுசரிச்சுப் போடா. நான் கடை நடத்த வேணாமா?"

ஓடிவிடுவது என்று முடிவு செய்தோம். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் 6:10-க்கு ரயில். சென்னையில் என் சித்தி வீடு. ஸ்டேஷனில் விடுவதாகச் சொன்னவர் ஸ்டீபன்ராஜ் அண்ணன். யுகேஜியிலிருந்து எங்களை ஸ்கூலுக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரர். காய்ச்சலில் அவர் தோளில் தூங்கியிருக்கிறேன். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

மாலை 5:20. அடைமழை. ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதா. மடியில் பைகள், நனையாமல் இருக்க மேலே அப்பாவின் துண்டு.

"டிக்கெட் செலவு உங்களதாண்ணே?" என்றேன்.

"பொறக்கும்போதே வியாபாரியாடா நீ!" சிரித்தார்.

5:38. காவிரிப் பாலம். துண்டுக்குள் ஒரு கை நுழைந்து என் விரல்களைப் பிடித்தது.

எங்கள் மண்டியில் பழைய ஆட்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ, அந்த எண். உள்ளங்கையை அழுத்தினால் பேரம் முடிந்தது. கையை உதறினால், எழுந்து போ என்று அர்த்தம். நஸ்ருல்லா பயத்தை மறக்க விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

இரண்டு விரல். பிறகு உள்ளங்கையில் ஓர் அழுத்தல்.

"என்னடா ரெண்டு?"

"எது?" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். அவனுடைய இரண்டு கைகளும் மேல் கம்பியைப் பிடித்திருந்தன.

துண்டுக்குள் அந்தக் கை இன்னும் இருந்தது... சின்னக் கை. ஐஸ் மாதிரி. மருதாணி வாசனை.

5:44. ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஆட்டோ திரும்பவில்லை.

"அண்ணே... ஸ்டேஷன் அந்தப் பக்கம்..."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் யாரிடமோ பேசினார்.

"ரெண்டு பேரும் இருக்கானுங்க. கொள்ளிடக் கரைக்கு வந்துடறேன்."

மறுபடி இரண்டு விரல். அழுத்தல்.

இரண்டு பேர். விற்றாகிவிட்டது.

அந்தக் கை என் கையை உதறியது.

வேகத்தடை. டக்... டக்...

"குதிடா!" படுதாவை விலக்கிக் கத்தினேன்.

விழுந்தோம். எழுந்தோம். கூட்டமாக இருந்த ஒரு டீக்கடைக்குள் ஓடினோம். அங்கிருந்தவர்கள்தான் போலீஸைக் கூப்பிட்டார்கள். துண்டு என் தோளில் இருந்தது. அதில் மருதாணி வாசனை அப்போதும் போகவில்லை.

மூன்றாம் நாள், பிடிபட்ட ஸ்டீபன்ராஜ் காட்டிய இடத்தில் கொள்ளிடக் கரையைத் தோண்டினார்கள். அஃப்ஷீன் கிடைத்தாள். எங்கள் வரிசையில் மண்டி வைத்திருந்த அப்துல் அஹத் பாயின் மகள். மருதாணி இல்லாத கையோடு அவளை நான் பார்த்ததே இல்லை. பொட்டலம் சுமக்க மாட்டேன் என்று, எங்களுக்கு ஒரு வருஷம் முன்பே ஓடியவள். துபாயில் மாமா வீட்டில் இருக்கிறாள் என்றுதான் பெரியவர்கள் எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

ஸ்டீபன்ராஜ் போலீஸிடம் இன்னொன்றும் சொன்னார். போன வருஷம் அன்றைக்கு ஒளிந்துகொள்ள இடம் கேட்டு அஃப்ஷீன் ஓடி வந்தது எங்கள் கடைக்கு. அவளுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து, "பயப்படாதம்மா, ஸ்டேஷன்ல விட்டுடச் சொல்றேன்" என்று உட்கார வைத்துவிட்டு, கும்பலுக்கும் ஸ்டீபன்ராஜுக்கும் போன் போட்டவர்... என் அப்பா.